பத்தொன்பதாவது பிடி

பதினேழு வயதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்று ஃபிரிஸ்பீ தட்டு எறிய வேண்டிய கேவலம் எனக்கு வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நான் ஒன்பதாவது படித்தபோது உடற்பயிற்சிதான் முதல் பீரியட். பாதி நாள் படுக்கையை விட்டே எழவில்லை. வந்த நாட்களிலும் ஜிம்மில் பார்வையாளர் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து தூங்கினேன். இதெல்லாம் ஒரு பாடமா என்ற திமிர். மூன்று வருடம் கழித்து, பள்ளி முடிய மூன்று வாரம் இருக்கும்போது, அந்தப் பாடம் என் கழுத்தைப் பிடித்தது.

அதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் விஸ்கான்சின் கப்பல் பட்டறையில் எனக்குக் கிடைத்த வெல்டிங் பயிற்சி போய்விடும். அதுவும் போனால் ரெய்னோ மாமாவின் பேஸ்டி கடைதான் கதி. மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மாவில் வைத்து மடித்து மடித்து அம்மா அங்கே இருபது வருடமாக நிற்கிறாள்.

“உன் ஏப்ரன் ஆணியிலதான் தொங்குது ஐலா. ஒண்ணும் அவசரமில்ல” என்பார் மாமா. அன்பாகத்தான் சொல்வார். நான் அந்த ஆணிப் பக்கமே திரும்ப மாட்டேன்.

மே மாதம் பிறந்தும் மைதானத்தில் பனி உருகவில்லை. அதனால் வகுப்பு ஜிம்முக்குள்ளேயே நடந்தது. கம்பிவலை போட்ட ஜன்னல்கள் கூரைக்குப் பக்கத்தில் இருந்தன, ஹீட்டரை அணைக்க முடியவில்லை, கூடவே இருபத்தாறு பிள்ளைகளின் வியர்வை நாற்றம். எங்கள் கோச் பெல்மோருக்கு இந்த ஃபிரிஸ்பீ ஆட்டம் என்றால் பைத்தியம். கழுத்தில் விசில்கூட மாட்ட மாட்டார்.

“இந்த ஆட்டத்துல நடுவர் கிடையாது. தட்டு தரையில பட்டுச்சான்னு பிடிச்சவங்கதான் சொல்லணும். எறிஞ்சவங்களுக்கு அது சரியா படலன்னா ‘ஒத்துக்கல’ன்னு சொல்லலாம். பேசியும் முடிவு வரலன்னா அந்த வீச்சு செல்லாது. திரும்ப எறியணும், அதுக்கு முந்தின கணக்கு அப்படியே நிக்கும். என்கிட்ட யாரும் பஞ்சாயத்துக்கு வராதீங்க.”

வாண்டுகள் பாதி பீரியடை ஒத்துக்கல, ஒத்துக்கல என்று கத்தியே கழித்தார்கள். எனக்குத் தலை வெடிக்கும்.

தேர்வு என்னவோ எளிதுதான். இருவர் பதினைந்து அடி தள்ளி நின்று, கீழே விடாமல் இருபது முறை எறிந்து பிடிக்க வேண்டும். விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. எனக்கு ஜோடியாக வாய்த்தவள் ஜோவி ட்ருடெல். பதினான்கு வயது, பல்லில் கம்பி, நாக்கில் அரம். அவளுடைய அம்மாவும் மாமா கடையில்தான், என் அம்மாவுக்கு அடுத்த மேசை.

“கைய வீசாத கிழவி, மணிக்கட்ட வெட்டு! தட்டு சுத்தணும். நீ என்ன கழுவுற தொட்டியில பாத்திரமா போடுற?”

“வாய மூடிட்டு எறிடி.”

“கீழ வந்தா கட்டைவிரல் மேல. எத்தன தடவ சொல்றது? உனக்கெல்லாம் யாரு கப்பல் குடுக்கப் போறா?”

இரண்டு வாரத்தில் பன்னிரண்டைத் தாண்டவில்லை. கடைசி நாள் வந்தது. தேறியவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மணியடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது கடைசி முறையாக ஆரம்பித்தோம்.

பத்து. பதிமூன்று. பதினேழில் தட்டு தள்ளாடி வந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அமுக்கிப் பிடித்தேன். பதினெட்டை அவள் பிடித்தாள். பத்தொன்பதாவதை ஜோவி எறிந்தபோது அவள் கை நழுவியது. தட்டு பாதி வழியிலேயே தாழ்ந்தது. நெஞ்சு தரையில் தேய நான் பாய்ந்தேன். விரல்கள் மூடின. ஆனால் மூடுவதற்கு ஒரு கணம் முன்னால் விளிம்பு தரையில் உரசியது. அது என் விரலுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் இரண்டு வாரமாக நாளுக்கு நாற்பது தரம் சொல்லிப் பழகிய வாய், என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

“விழுந்துச்சு.”

கத்தல் நின்றது. கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. குப்புறக் கிடந்தபடியே எனக்கு மாவு வாசனை வந்தது.

“ஒத்துக்கல” என்றாள் ஜோவி.

“தரையில பட்டுச்சுடி. எனக்குத் தெரியும்.”

“நான் ஒத்துக்கல.”

நான் கோச்சைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த தன் விதிகளைப் பார்த்தார். அவரும் அதற்குள் மாட்டிக்கொண்டவர்தான்.

“பேசி முடிவுக்கு வருவீங்களா?”

“வர மாட்டோம்” என்றாள் ஜோவி, எனக்கும் சேர்த்து.

“அப்போ தட்டு எறிஞ்சவ கைக்குப் போகட்டும். கணக்கு பதினெட்டு. சீக்கிரம்!”

அவள் எறிந்தாள், தட்டையாக, நேராக. பத்தொன்பது. நான் மணிக்கட்டை வெட்டினேன். தட்டு அவள் தலைக்கு மேலே போனது. எம்பி, கட்டைவிரல் கீழாக, ஒற்றைக் கையில் பிடித்தாள். அவள் கால் தரையில் படுவதற்குள் மணி அடித்தது.

தண்ணீர்க் குழாயில் குனிந்திருந்த ஜோவியைப் பிடித்தேன்.

“படலன்னு நிஜமாவே பாத்தியா?”

“எங்க பாத்தேன்? நீ பாஞ்சதும் பயத்துல கண்ண மூடிட்டேன்.”

“அப்போ பொய்யா சொன்ன?”

அவள் வாயைச் சட்டைக் கையில் துடைத்தாள். “நீ எங்கம்மா பக்கத்துல நின்னு மாவு மடிக்கிறத என்னால பாக்க முடியாது கிழவி. ஒருத்தியாவது வெளிய போய்த் தொலை.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய், என் ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்து மாமாவிடம் நீட்டினேன். தேறிவிட்டதைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான். துணியை உதறி நீளம் பார்த்தார்.

“வீணாப் போகாது. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல ட்ருடெல் பொண்ணுக்குச் சரியா இருக்கும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அவர் கையிலிருந்து ஏப்ரனை வெடுக்கென்று பிடுங்கிக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

“ஒத்துக்கல” என்றேன்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த மேசையில் மாவு மடித்துக்கொண்டிருந்த ஜோவியின் அம்மா மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.