ரோகிணி நின்றால் வலிக்கிற கால்

டாக்டர் ரோகிணி ஆபரேஷனுக்கு நின்றால் டாக்டர் தண்டாயுதபாணிக்குக் கால் வீங்கும். கொடைக்கானலில் இது பூண்டு விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குடல்வால் என்றால் கணுக்கால், பித்தப்பை என்றால் முழங்கால், குடலை வெட்டி ஒட்டுகிற பெரிய வேலை என்றால் இடுப்புவரை ஏறும். ரோகிணியோ நாள் முழுக்க நின்றுவிட்டு, அப்போதுதான் குளித்து வந்தவர் மாதிரி வெளியே வருவார். ஒரு தைப்பூசத்துக்குப் பழனி போன தண்டாயுதபாணிக்கு அடிவாரத்திலேயே கால் வீங்கிவிட, பாதயாத்திரைக் களைப்பு என்று பக்தர்கள் விசிறிவிட்டார்கள். மனிதர் காரில் போயிருந்தார். பிறகு ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டார்கள். உள்ளே நடப்பதை, வெளியே காத்திருக்கும் பூம்பாறைச் சனங்கள் அவர் காலைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

"என்னங்க டாக்டரே, இன்னும் முழங்கால்லயே கெடக்கு?"

"பொறுங்கம்மா, கல்லு பெருசு போல."

ஊர் அதை வாதம் என்றது, சர்க்கரை என்றது. காரணம் அவருக்குத் தெரியும். இருவரும் மதுரையில் ஒன்றாகப் படித்து, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கைப்பக்குவத்தில் ரோகிணி ஒரு படி மேல். ஆஸ்பத்திரி முதலாளி பொன்னுவேல் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் விற்று மேலே வந்தவர். சம்பளம் பேச வருகிற யாருக்கும் முதலில் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் கொடுப்பது அவர் வழக்கம். சம்பளம் பேசப் போன அன்று தண்டாயுதபாணியின் வாய் நிறைந்திருந்தபோதுதான், "அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு போடலாம் தம்பி?" என்று கேட்டார். அவசரமாக விழுங்கிவிட்டு இவர் சொன்னது ஒரே வரி: "அவுங்க வீட்டுக்காரரு பேங்க்ல இருக்காருங்க." ரோகிணிக்குக் குறைந்தது. குறைந்ததில் ஒரு பங்கு, குடும்பஸ்தர் என்ற பெயரில் இவருக்கு ஏறியது. இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உள்ள ரோகிணியின் வீட்டைக் குடும்பமென்று யாருக்கும் தோன்றவில்லை. வருஷங்கள் போயின. இவர் வீட்டுக்கு ஏரி தெரிகிற மாடி வந்தது, கார் வந்தது, கால் வலியும் வந்தது.

ரோகிணி பாவம் பார்த்து வெள்ளனே யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்து கொடுப்பார். அந்தத் தைலம்தான் அவரை எரித்தது. பாட்டில் பாட்டிலாக வாங்கி வைத்துக்கொண்டார், ஒரு சொட்டும் தடவவில்லை.

"எனக்கு வலியே தெரியல சார். எல்லாத்தையும் நீங்களே வாங்கிக்கிட்டாப்புல இருக்கு" என்று ஒருநாள் ரோகிணி சிரித்தபோது அவருக்குத் தாங்கவில்லை. பஞ்சாமிர்தத்திலிருந்து மாடிவரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

ரோகிணி சிரிப்பை நிறுத்தினார்.

"பேங்க்ல உக்காந்திருக்கது அவரு. இங்க நிக்கிறது நானு. எந்திரிங்க சார்."

"எங்க?"

"முதலாளிகிட்ட. அன்னைக்குச் சொன்னது நீங்கதான? இன்னைக்கும் நீங்களே சொல்லுங்க."

வீங்கிய காலோடு படியேறினார். பொன்னுவேல் கரண்டியை எடுத்தார். இவர் வேண்டாமென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டே, "எனக்கு ஏத்துனதை எறக்குங்கய்யா, அவுங்களுக்குப் போடுங்க" என்றார். முதலாளி முனகினார், தலையைச் சொறிந்தார், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். அப்படியானால் அடுத்த வருஷமே கத்தியைத் தொடுகிறேன் என்று ரோகிணி வாசலில் நின்று சொன்னார். மலையில் அந்த ஆஸ்பத்திரிக்கு இருந்ததே இரண்டு சர்ஜன்கள். சம்பளம் சமமானது.

அதற்கடுத்த பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த ரோகிணி சுவரைப் பிடித்துக்கொண்டார். முழங்கால்வரை வீக்கம். நர்ஸ் இருளாயி வெரசாக வெந்நீர் கொண்டுவந்து வைக்க, காலை அதற்குள் விட்டு, கண்ணை மூடி, "ஆத்தாடி, என்னா வலி வலிக்குது!" என்றார். சம்பளக் கவரைப் பிரித்த அன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு நிறைவை இருளாயி கண்டதில்லையாம். தண்டாயுதபாணி பக்கத்தில் நின்று தன் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எங்கேயும் வலிக்கவில்லை. அது அவருக்கு என்னவோ போல இருந்தது. இருந்தாலும் குனிந்து, ஆறிப்போன வெந்நீரை மாற்றி ஊற்றினார்.