ஜாசூஸ் சீட்டு

எறும்பு கடித்தால் ஆங்கிலத்தில் எப்படிக் கத்துவது என்று தெரியாததால்தான் நிஹாயா மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை, மகரிப் தொழுகைக்கு வரிசையில் நின்றபோது, "அய்யோ அம்மா, எறும்பு!" என்று ஜாவா மொழி வாயிலிருந்து குதித்துவிட்டது. அது ஆங்கில வாரம். மதரஸா விடுதி முழுக்க வேறு மொழிக்கு இடமில்லை. இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் மொழிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இஸ்தி அக்கா கூப்பிட்டனுப்பி, உள்ளங்கை அளவு சீட்டு ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

"இனி நீ ஜாசூஸ்," என்றாள் ஆங்கிலத்தில். "வியாழன் இஷாவுக்குப் பின் ஒரு பெயர் எழுதிக் கொண்டு வா. வெளியே சொன்னால் தண்டனை இரட்டிப்பு."

அங்கே வழக்கம் அது. மாட்டியவளே ஜாசூஸ், அதாவது உளவாளி. இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்தால் தப்பினாள். சாட்சி கேட்பதில்லை, பெயர் போதும். வெறுஞ்சீட்டோடு போனால் ஒரு வாரம் சிவப்பு முக்காடு, மேடை ஏற முடியாது. முக்காட்டைக்கூட நிஹாயா பொறுத்துக்கொள்வாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஆங்கில நாடகம். அதில் ஊர்த்தலைவரின் மகள் அவள்தான். அவள் அம்மா புகைபோட்ட மீன் கடையைப் பூட்டிவிட்டு, துபானிலிருந்து இரண்டு பஸ் மாறி அதைப் பார்க்க வருகிறாள்.

செவ்வாயிலிருந்து நிஹாயா ஒவ்வொரு வாயாகக் கவனித்தாள். எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்குப் பிழையில்லாமல் வரும் ஆங்கிலம் நாடக வசனம் மட்டும்தான். அதனால் எதற்கும் வசனத்தையே எடுத்துவிட்டாள். சோற்று வரிசையில் சமையல்காரி துகினெம் அம்மா கரண்டியோடு நின்றாள். அவளுக்கு மொழிச் சட்டம் கிடையாது.

"என்னடி புள்ள, சம்பல் இன்னும் கொஞ்சம் போடவா?"

"தந்தையே, நம் ஊரில் பசி குடியிருக்கிறது," என்றாள் நிஹாயா ஆங்கிலத்தில்.

"என்னத்தடி முனகுற? இங்கிலீசு வாரம் வந்தாலே எனக்குப் பைத்தியம் புடிக்குது. வேணும்னா தலைய ஆட்டு, வேணாம்னா நகரு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பைச் சீட்டில் எழுத முடியாது. புதன்கிழமைக்குள் வசனத்தைக் கழற்றி மாட்டவும் அவளுக்கு வந்துவிட்டது. "அக்கா, குளியலறையில் சோப்பு குடியிருக்கிறதா?" என்று கேட்டாள். சோப்பும் கிடைத்தது. பெயர்தான் கிடைக்கவில்லை.

ரெத்னோ மட்டும் இரண்டு நாளாக அவளை விட்டு நகரவில்லை. நாடகத்தில் திருடியாக வருபவள். தன் பங்கு அப்பளத்தை நிஹாயாவின் தட்டில் வைத்தாள், பாயையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இதுவரை இல்லாத பாசம். புதன் மாலை துணி துவைக்கும் தொட்டியருகே, காதோடு காதாக ஜாவா மொழியில் கேட்டாள்.

"காய்ச்சலாடி? முகமே வாடிக் கெடக்கு."

நிஹாயா துணி பிழிவதை நிறுத்தினாள். பெயர் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு உஷாரானவள் ஏன் வாயைத் திறந்தாள்? தூண்டில் போடுகிறாளா? 'இல்லடி' என்று பதில் சொன்னால் போதும், அவள் சீட்டில் என் பெயர்.

"திருடியே, என் கண்களைப் பார்," என்றாள் ஆங்கிலத்தில்.

"அட போடி! இங்க ஈ காக்கா இல்ல. ஒரு வார்த்த பேசுனா செத்தா போயிடுவ?"

நிஹாயா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இவளும் ஜாசூஸ்தான், சந்தேகமே இல்லை என்று தோன்றியது. அப்புறம் அதிலும் சந்தேகம் வந்தது.

வியாழன் மாலை கடைசி ஒத்திகை. தலைவர் மகள் திருடியின் மணிக்கட்டைப் பிடித்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். மூன்றும் கேட்டாள். கையை விடவில்லை.

"உன் சட்டைக் கைக்குள் என்ன வைத்திருக்கிறாய்? காட்டு."

அப்படி ஒரு வரி நாடகத்தில் இல்லை. தானாக ஆங்கிலத்தில் அமைந்து வந்தது.

ரெத்னோவின் முகம் வெளுத்தது. "உன்னிடம் இருப்பதுதான்," என்றாள், அவளும் ஆங்கிலத்திலேயே.

"அருமை! இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்!" என்று இஸ்தி அக்கா கைதட்டினாள்.

திரைக்குப் பின்னால் ரெத்னோ அவளை மடக்கினாள். ஆங்கிலம் திக்கித் திக்கி வந்தது. "நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. இரண்டு வெறுஞ்சீட்டு. விடிந்தால் நாடகம். நம் இருவரையும் நீக்கினால் யார் நடிப்பார்? நீக்க மாட்டார்கள்."

நிஹாயா தலையாட்டினாள். ஆனால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது யோசித்தாள். நான் வெறுஞ்சீட்டைக் கொடுத்து, அவள் என் பெயரை எழுதிக் கொடுத்தால்? அப்பளம் வைத்தவள், தூண்டில் போட்டவள், இப்போது மட்டும் உண்மை பேசுவாளா? பென்சிலை எடுத்தாள்.

இஷா முடிந்து இருவரும் இஸ்தி அக்கா முன் நின்றார்கள். அக்கா முதலில் நிஹாயாவின் சீட்டைப் பிரித்துப் படித்தாள். பிறகு ரெத்னோவுடையதைப் பிரித்தாள். திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

அலமாரியிலிருந்து சிவப்பு முக்காட்டை எடுத்து அக்கா ரெத்னோவிடம் நீட்டினாள். "மேடை ஏறக் கூடாது. ஆனால் இந்த நேரத்தில் திருடிக்கு நான் எங்கே போவேன்? இதைப் போட்டுக்கொண்டே நடி."

அப்படியென்றால் ரெத்னோ சொன்னதுதான் சரி, யாரையும் நீக்கியிருக்க மாட்டார்கள். நிஹாயா நிமிரவில்லை. ரெத்னோவும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் மேடையில் நிஹாயா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். கேள்விகளைக் கேட்டாள். ரெத்னோ அழுதாள். ஒத்திகையில் ஒருநாளும் அவள் அப்படி அழுததில்லை. பெற்றோர் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நாடகம் முடிந்ததும் மீன் வாசனையோடு அம்மா வந்து கட்டிக்கொண்டாள். "ஒரு எழுத்து புரியலடி எனக்கு. ஆனா அந்தச் செவப்பு முக்காட்டுப் புள்ள என்னமா அழுதுச்சு! உன் சிநேகிதியா?"

அம்மாவிடம் எந்த மொழியிலும் பேசலாம். நிஹாயா அப்போதும் இரண்டு பக்கமும் பார்த்தாள். நாலடி தள்ளி, அடிபம்பில் ரெத்னோ முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேக்குறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? சிநேகிதிதானே?"

பம்பு அடிக்கும் சத்தம் நின்றது.