சார்ஜ் மூணு சதவீதம்

இந்தக் கேள்வித்தாள் என் தலையில வந்து விடிஞ்சதுக்கு எங்க பேராசிரியை பெல்கிஸ் ஹோஜம்தான் காரணம். ஹோஜம்னா எங்க ஊர்ல டீச்சர்ங்கற மாதிரி, நான் பாடம் எடுக்கற பிள்ளைங்க என்னையும் அப்படித்தான் கூப்பிடும். ஐரோப்பாவுல வடக்கே எங்கேயோ, நர்ஸுங்களோட தொழில் திறமையை அளக்கறதுக்கு நாற்பது வாக்கியம் எழுதி வெச்சிருக்காங்க. 'மருந்தை அளவு தவறாமல் கொடுக்க என்னால் முடியும்', 'நோயாளி இறந்தால் அவர் குடும்பத்தோடு பேச என்னால் முடியும்', இப்படி. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் நமக்கு நாமே மார்க் போட்டுக்கணும். "முஸெய்யன், இதை நம்ம நர்ஸிங் பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி துருக்கி மொழியில கொண்டுவா, உன் டாக்டர் பட்டத்துக்கும் ஆச்சு"ன்னாங்க. ஆச்சு, ரெண்டு வருஷம். துருக்கி மொழியில எழுதி, அதை இன்னொருத்தரை விட்டு இங்கிலீஷுக்குத் திருப்பி, பத்து நிபுணருங்க வாயில விழுந்து எழுந்து, கடைசிப் படிக்கு வந்து சேர்ந்தேன்.

கடைசிப் படி என்னன்னா, ஒரே பிள்ளைங்க கிட்ட ரெண்டு வார இடைவெளியில ரெண்டு தடவை அதே தாளைக் கொடுக்கணும். ரெண்டும் ஏறக்குறைய ஒத்துப் போகணும். பேர் எழுதக் கூடாது, ஆணா பெண்ணா, எந்த வருஷம்னு மட்டும் குறிச்சுட்டு ஆளுக்கொரு புனைபேர் வெச்சுக்கலாம்னு நெறிமுறைக் குழு கிட்ட நானே சண்டை போட்டு வாங்கினேன். பேர் போட்டா எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? எல்லாம் அஞ்சு அஞ்சா போட்டு நீட்டிடும். பேரா வெச்சுதுங்க? 'தூக்கம் வருது', 'எலுமிச்சைச் சாறு', 'மாப்பிள்ளை தேவையில்லை'. சிரிச்சுக்கிட்டே ஜோடி சேர்த்துக்கிட்டிருந்தேன்.

'சார்ஜ் மூணு சதவீதம்'னு ஒருத்தி. முதல் தடவை எல்லாத்துக்கும் நாலு போட்டிருந்தா. ரெண்டாவது தடவை நாற்பதுக்கும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு கூட தப்பி ரெண்டு இல்ல. தாளோட அடியில அழகான கையெழுத்துல ஒரு வரி: "என் மேல உங்களுக்கு இருக்கற உரிமையை ஹலால் பண்ணிடுங்க ஹோஜம்."

எங்க ஊர்ல ஹலால் பண்றதுன்னா, பட்ட கடன், செஞ்ச தப்பு எல்லாத்தையும் மன்னிச்சு விட்டுடறது. பட்டாளத்துக்குப் போறவன் தெருவுல எல்லார் கிட்டயும் கேட்கறது அது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப கேட்கறது. உசுரு போற நேரத்துல கேட்கறது. இருபது வயசுப் பொண்ணு கேள்வித்தாள்ல எதுக்குடி இதை எழுதறே?

பெல்கிஸ் ஹோஜம் கிட்ட ஓடினேன். அவங்க கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாங்க.

"இந்த ஒரு ஜோடியை எடுத்துடு. நம்பகத்தன்மை எண் ஏறும்."

"ஹோஜம், இந்தப் பொண்ணு ஏதாவது பண்ணிக்கிட்டா?"

"யாருன்னு தேட மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். போட்டது யாரு? நீதானே?"

நான்தான். அந்த நிமிஷம் என்னையே நாலு அறை விடணும்னு இருந்துச்சு.

மூணாம் வருஷ வகுப்புக்குப் போய் நின்னேன். "சார்ஜ் மூணு சதவீதம் யாரோ, என் ரூமுக்கு வாங்க. திட்ட மாட்டேன்"ன்னேன். வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுது. "எங்க எல்லாருக்குமே அவ்வளவுதான் ஹோஜம்!"னு பின் பெஞ்சுலேருந்து ஒருத்தன். சாயங்காலம் வரைக்கும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டுவந்த ஆளைத் தவிர ஒரு ஈ காக்கா வரலை.

சரி, கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடலாம்னு பார்த்தா, எங்க பரீட்சையெல்லாம் வட்டத்தைக் கறுப்பாக்கற பரீட்சை. ஒரு எழுத்து இல்ல. அப்புறம்தான் வார்டுப் பயிற்சிக்கு அவங்க கையால எழுதித் தர்ற நோயாளிக் குறிப்புகள் ஞாபகம் வந்துச்சு. கொடுத்த வாக்கைக் காத்துல விட்டுட்டு, மறுநாள் காலையில அந்தக் கோப்பு மூட்டையைப் பிரிச்சேன். அதே கையெழுத்து கிடைச்சுது. ஒண்ணு இல்ல, பதினோரு பேர் குறிப்புல. பதினோரு பேருக்கும் ஒரே கை!

பிள்ளைங்களை விசாரிச்சா, ஸுலால்ங்கற பொண்ணுதான். வகுப்புலயே அவ கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குமாம். விடுதிக்கு ஓடினேன். அவ கட்டில்ல கால் மேல கால் போட்டுக்கிட்டு சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டிருந்தா. அவளைக் கட்டிக்கறதா கன்னத்துல வைக்கறதான்னு தெரியல.

"நீ நல்லாயிருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன் ஹோஜம். என்னாச்சு?"

தாளை நீட்டினேன். அவ முகம் செத்துப் போச்சு. குறிப்பு எழுதிக் கொடுத்தது மாட்டிக்கிச்சுன்னு நினைச்சா போல.

"இது என்னோடது இல்ல ஹோஜம். என் பக்கத்துக் கட்டில் ருக்கியேவோடது. நான் போன்ல கேள்வியைப் படிச்சேன், அவ நம்பர் சொன்னா. உங்களுக்கு எண்ணிக்கை குறையக் கூடாதுன்னுதான். நீங்க ரெண்டு வருஷமா இதுக்காக ஓடறீங்களே."

"போன்லயா? அவ எங்க?"

"ஊர்ல. அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. பத்து நாள் ஆச்சு. அந்த வரியும் அவ சொன்னதுதான். ஊருக்குப் போறவங்க சொல்றதுதானேன்னு எழுதினேன்."

விஷயம் அப்பதான் வந்துச்சு. பயிற்சி வார்டுல ஒரு பெரியவர் ருக்கியே கையைப் பிடிச்சபடியே இறந்திருக்கார். அவ அழுதிருக்கா. தலைமை நர்ஸ் எல்லார் முன்னாடியும், "அழறவளுக்கு இங்க வேலையில்ல, போய் உங்கம்மா மடியில உட்காரு"ன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் ருக்கியே வார்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவாளாம்.

விடுதி வராந்தாவுல நின்னே போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தா. பின்னாடி தையல் மெஷினுங்க கடகடன்னு ஓடற சத்தம்.

"ஹோஜம்? நீங்களா?"

உயிரோட இருக்கா. அப்படியே படியில உட்கார்ந்துட்டேன். "ஏம்மா, எங்க உசுரை வாங்கறே? கிளம்பி வா. பயிற்சியை வேற வார்டுக்கு மாத்திடலாம், நான் பேசறேன்"ன்னு மூச்சு விடாம கொட்டினேன்.

"படிப்பை விடறேன்னு மனு கொடுத்தாச்சு ஹோஜம். பேரை அடிச்சுட்டாங்க. திங்கள்கிழமைலேருந்து இங்க ரெடிமேட் பட்டறையில இருக்கேன்."

"என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மெஷின் சத்தம் குறையற இடத்துக்கு நகர்ந்து வந்து பேசினா.

"வந்தேனே ஹோஜம். உங்க ரூமுக்கு ரெண்டு தடவை வந்தேன். நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தீங்க. 'வார்டு கஷ்டமெல்லாம் அடுத்த வாரம் கேள்வித்தாள் வரும், அதுல எழுதும்மா, அதுக்குத்தானே அது இருக்கு'ன்னு சொன்னீங்க. எழுதிட்டேன்."

குத்திக் காட்டற குரலே இல்ல. கொடுத்த வேலையை முடிச்சுட்டேன்னு சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு அவ வந்தது ஞாபகம் இல்ல. முகம் கூட ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன். எத்தனை பேர் கிட்ட அதையே சொல்லித் துரத்தியிருக்கேன்.

"எனக்குக் கோபமெல்லாம் இல்ல ஹோஜம்"ன்னா. "நீங்க மூணு வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஹலால் பண்ணிடுங்க, போதும்."

அதைச் சொல்லிட்டா அவளை அனுப்பி வெச்ச மாதிரி. சொல்லாம இருக்கவும் முடியாது, கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்ற பாவத்தை எங்க ஊர்ல யாரும் தூக்கிக்க மாட்டாங்க.  

"ஹலால் ஆகட்டும்மா"ன்னேன். அப்புறம் எங்க வழக்கப்படி நானும் கேட்டேன். "நீயும் என்னை ஹலால் பண்ணு, ருக்கியே."

'ஹலால் ஆகட்டும்'னு உடனே வர வேண்டிய பதில் அது. கேட்ட வாய் மூடறதுக்குள்ள எல்லாரும் சொல்லிடறது. நான் காதுல போனை அழுத்திக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன்.

"மேஸ்திரி கூப்பிடறாரு ஹோஜம்"னு சொல்லிட்டு அவ வெச்சுட்டா.