குடிபெயர்ந்தவர்

முனைவர் சைமன்ராஜ் இந்திய வாக்காளரைப் பற்றி ஏழு புத்தகங்கள் எழுதியவர். எட்டு நாடுகளில் போய்ப் பேசியவர். ஓட்டுப் போட்டது மட்டும் கிடையாது. தேர்தலன்று எப்போதும் ஏதாவதொரு சேனலில், முகத்தில் பவுடரோடு, ஓட்டுப் போடாத படித்தவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வேலை பார்த்த டெல்லியிலேயே வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேனென்றுவிட்டார். நெய்வேலி பதினேழாம் வட்டத்தில், சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவின் குவார்ட்டர்ஸ் முகவரியில் அவர் பேர் இருந்தது. அப்பா ரிட்டயராகி, வீட்டைக் காலி செய்து, காலமும் ஆகிவிட்டார். பிறந்த ஊரில் மகனுக்கென்று மிச்சமிருந்தது பட்டியலின் அந்த ஒரு வரிதான்.

பணி ஓய்வுக்கு மறுமாதம், இந்தத் தடவை போட்டே தீருவதென்று வந்திறங்கினார். பள்ளிக்கூடத்தில் வாக்காளர் முகாம். வாக்காளர் பட்டியல் வேலையையும் சேர்த்துப் பார்க்கும், பக்கத்து ஊர் வடக்குத்தின் அங்கன்வாடி ஊழியர் அமிர்தம் பட்டியலைப் புரட்டினார்.

"உங்க பேர எடுத்துட்டோம்ங்க சார். குடிபெயர்ந்தவர்னு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"பக்கத்து வூட்டுல ரெண்டு பேரக் கேட்டு, கையெழுத்து வாங்கினு எடுக்கணுமாம். யாரோ பெரிய புரொபசர் எழுதிக் குடுத்த முறைங்க. அவருக்கென்ன, வெயில்ல அலையறது நாங்க."

பெரிய புரொபசர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்ல என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒருத்தர் இங்க இருந்ததே இல்லன்னாங்க."

முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அப்பாவின் சைக்கிளைத் தினமும் துடைத்து நிறுத்திய வாசல் அது என்று சொல்ல வாயெடுத்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை. அவருடைய ஏழு புத்தகங்களிலும் இருந்ததில்லை.

"இதுக்கா முகம் வாடுறீங்க? புது ஃபாரம் எழுதுங்க. இப்ப இங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் போட்டா போதும்."

பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"வடக்குத்துல வாடகைக்கு வூடு கிடைக்குமா?" வீடென்றுதான் சொல்ல நினைத்தார். நாற்பது வருஷமாக வாயில் வராத வூடு வந்துவிட்டது.

"எங்க தெருவுல ஒண்ணு கிடக்கு. ஒழுகும். பேருக்குப் பூட்டிப் போட்டுட்டு டெல்லி போயிட்டீங்கன்னா மறுபடியும் எடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

"போகமாட்டேம்மா."

முகாம் முடிந்து அமிர்தம் வீட்டைக் காட்டக் கூட்டிப்போக மூன்று மணிநேரம் இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க, உட்கார்ந்து காத்திருந்தார்.