கருநாகத்தின் கைப்பேசி எண்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்த வட்டாரத்தில் எவனுக்கு என்ன பட்டம் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். முக்கால்வாசிப் பட்டத்தைக் கொடுத்தவளே நான்தான். காது குத்துக்கு மோதிரம் போட்ட மாமன் 'பாசத்தின் இமயம்'. வார்டு தேர்தலில் பத்தொன்பது ஓட்டு வாங்கியவர் 'வருங்காலமே'. சின்ன எழுத்தில் பேர், பெரிய எழுத்தில் பட்டம், அடியில் கைப்பேசி எண். எண் இல்லாத ஃப்ளெக்ஸை எங்கள் ஊர்க்காரர்கள் ஏதோ குறையாகவே பார்ப்பார்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கே வேப்பமரத்தில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு தினமும் காலையில் செல்வம் குத்துவான். காவாந்தண்டலத்தை ஒட்டிய இருளர் குடியிருப்புக்காரன், இருபத்து நாலு வயசு, ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். கட்டட வேலைக்கென்று வடசென்னையில் இருந்த மூன்று வருஷத்தில் பாக்ஸிங் கற்றுக்கொண்டு வந்தான். மாவட்டப் போட்டியில் இரண்டு தடவை தங்கம். இரண்டாவது தங்கம் இதே ஊர்க் கல்யாண மண்டபத்தில் வாங்கினான். டிக்கெட் கிடையாது, மோர் கூட இலவசம். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர், அதில் நாலு பேர் மோருக்கு வந்தவர்கள்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். அதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

"அக்கா, எங்க ஆளுங்க பேரு இந்த ஊர்ல எந்த ஃப்ளெக்ஸ்லயாவது வந்துகீதா, அக்கா? 'குத்துச்சண்டை வீரர் செல்வம்'னு ஒண்ணு நிக்கணும். பஸ் ஸ்டாண்டு எதிர நிக்கணும்."

வந்ததில்லை. எனக்குத் தெரியாதா, அச்சடிக்கிறவளே நான்.

போன வருஷம் ஆடி முடிந்த கையோடு சென்னையிலிருந்து ராஜாராம் என்கிற புரமோட்டர் வந்து இறங்கினார். உட்கார்ந்திருக்கும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனுஷர். பாக்ஸிங்கைத் தூக்கி நிறுத்தப் போகிறேன் என்றார். நம் மண்டபத்தில் ரிங் போட்டுச் சண்டை நடக்கும், நேரில் வந்தால் டிக்கெட், போனில் பார்க்க நாற்பத்தொன்பது ரூபாய்.

"காசு கட்டி யார் சார் பாப்பாங்க? சும்மா நடந்தப்பவே எவனும் வர்ல" என்றேன்.

"சும்மா நடந்ததாலதான் வர்ல மேடம். குத்து எல்லாம் ஒரே குத்துதான். குத்துக்கு எவன் காசு குடுப்பான்? கதைக்குத்தான் குடுப்பான்."

செல்வத்தைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவன் வாங்கின தங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, எத்தனை சண்டை போட்டிருக்கிறான் என்று கேட்கவில்லை. "நீங்க இன்னா ஆளுங்க?" என்று ஒன்றே ஒன்றைக் கேட்டார். செல்வம் சொன்னான்.

"இருளரா? சூப்பர்!"

அந்தக் கேள்வியை இந்த ஊரில் பல விதமாகக் கேட்கக் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு 'சூப்பர்' என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அடுத்த நிமிஷமே பட்டமும் தயார். கருநாகம். கழுத்தில் பாம்போடு வர வேண்டும், சீற வேண்டும், நாக்கை நீட்டி நீட்டி இழுக்க வேண்டும்.

செல்வத்துக்கு முகம் செத்துவிட்டது. "சார், பாம்புன்னா நான் பத்தடி தள்ளி நிப்பேன். எங்கப்பா செங்கல் சூளைல வேல செஞ்சாரு. எங்க வூட்ல எவனும் பாம்பு புடிச்சதே இல்ல."

"அது உனக்குத் தெரியும் தம்பி. ஆடியன்ஸுக்குத் தெரியுமா?"

"என் பேரு?"

"செல்வம்னு போட்டா ஓடாது. தெருவுக்கு நாலு செல்வம் கீறான்."

செல்வம் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்துத்தான் பார்த்தான். பன்னிரண்டு பெரிய ஃப்ளெக்ஸ் ஒரே ஆர்டரில் வந்திருக்கிறது என்ற நினைப்பில் நான் இருந்தேன். "போய் ஜெயிச்சிட்டு வாடா. உன் பேரு போட்டு பத்தடிக்கு எட்டடில நானே அடிச்சித் தரேன். இங்கியே நிறுத்தலாம்" என்றேன். அதை நம்பி, ராஜாராம் நீட்டின ஒப்பந்தத்தை என் மேஜை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

என் வேலையில் நான் குறை வைத்ததில்லை. செல்வத்தின் தலைக்குப் பின்னால் ஏழடிக்குப் படம் விரித்த பாம்பு, கண்ணில் பச்சை வெளிச்சம், 'விஷம் இறங்கப் போகிறது' என்று சிவப்பு எழுத்து. விவரம் கேட்க உள்ளூர் எண் ஒன்று போடச் சொன்னார் ராஜாராம். கண்டவன் எல்லாம் என்னைக் கூப்பிடுவானே என்று என் எண்ணைப் போடவில்லை. செல்வத்தின் எண்ணைப் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே தென்னேரியிலிருந்து முதல் போன். கருநாகம் சாரா, வைக்கோல் போருல ஒண்ணு பூந்துக்கினு கீது, சீக்கிரம் வா என்றார்களாம். அப்புறம் புள்ளலூரில் ஒரு மோட்டார் கொட்டகை, மானாம்பதியில் ஒரு கோழிக் கூண்டு. தினமும் ஐந்தாறு. மண்டபத்தில் ரிங் போடுகிறார்கள், டிக்கெட், நேரம் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதை ஒரு ஜென்மமும் படிக்கவில்லை. பாம்பைப் பார்த்தார்கள், அடியில் எண்ணைப் பார்த்தார்கள். செல்வம் கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் போனை எடுப்பான்.

"பேஜாரா கீதுக்கா. வர்லன்னா திட்றாங்க. பெரிய ஆளாயிட்டியான்னு கேக்கறாங்க."

நான் சிரித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்து, தீயணைப்பு நிலையத்து எண்ணைச் சொல்லிக்கொடுத்து, கூப்பிடுகிறவர்களிடம் அதைச் சொல்லிவிடு என்றேன்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. அன்றைக்கு இலவச மோர் கிடையாது, இருந்தும் மண்டபத்தில் நிற்க இடமில்லை. வெளியே டீக்கடையில் ஒருவன் நாற்பத்தொன்பது கட்ட, அவன் போனை டி.வி.யில் இணைத்து அறுபது பேர் பார்த்தார்கள். ஆன்லைனில் பதினோராயிரம் பேர் என்று ராஜாராம் என் காதருகே வந்து சொன்னார். பாக்ஸிங் வளர்கிறதாம்.

எதிராளி தினேஷ்குமார், வியாசர்பாடிப் பையன். அப்பா தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர். அவனுக்கு 'ஜமீன் சிங்கம்' என்று பட்டம், தலையில் ஜரிகைத் தலைப்பாகை, கையில் சாட்டை. மத்தியானம்தான் இவனும் செல்வமும் என் கடையில் ஒரே பொட்டலத்தைப் பிரித்துப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் இருளர் வீட்டுப் பிள்ளைக்கு எதிரே ஜமீன்தார் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு உள்ளே வருகிறார், என் ஊர் எழுந்து நின்று கை தட்டுகிறது. யாருக்கும் அதில் ஒன்றும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. நான் மட்டும் என்ன செய்தேன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வம் கழுத்தில் ரப்பர் பாம்போடு வந்தான். அதன் தலை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ரப்பர் என்று தெரிந்தும் பயம். சீறவில்லை, நாக்கை நீட்டவில்லை. ரிங்குக்குள் ஏறியதும் இரண்டு விரலால் அதைப் பிடித்து எடுத்து ஸ்டூலுக்கு அடியில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி நின்றான்.

நாலு ரவுண்டு. எனக்கு பாக்ஸிங் தெரியாது, ஆனால் பின்பக்க ஜன்னல் வழியாக இரண்டு வருஷம் அவனைப் பார்த்தவள். அன்றைக்கு மாதிரி அவன் ஆடிப் பார்த்ததில்லை. தினேஷ் கையை ஓங்குவதற்குள் செல்வத்தின் இடக்கை போய் முகத்தில் பட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். அடி வரும் இடத்தில் அவன் இருக்க மாட்டான். மூன்றாவது ரவுண்டில் தினேஷே தொட முடியாமல் சிரித்துவிட்டான். முடிந்ததும் இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

ஜனங்களுக்கு அதுவா வேண்டும்? "கொத்துடா! கொத்து!" என்று முதல் ரவுண்டிலிருந்தே கத்தல். கடைசியில் ஊளை. டீக்கடையில் ஒரு பெரியவர் தன் காசைத் திருப்பிக் கேட்டாராம், அவர் காசே கட்டவில்லை. போனில் கீழே கருத்து எழுதினவர்களில் ஒருவன்கூடக் குத்தைப் பற்றி எழுதவில்லை. பாம்பு கொத்தவே இல்லை, நாற்பத்தொன்பது தண்டம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

நடுவர் செல்வத்தின் கையைத் தூக்கினார். "வெற்றி... கருநாகம்!" என்று மைக் அலறியது. செல்வம் மைக்குக்காகக் கையை நீட்டினான். "எம் பேரு..." என்று ஆரம்பித்ததை நான் கேட்டேன். அதற்குள் ராஜாராம் மைக்கோடு அந்தப் பக்கம் போய், அடுத்த சண்டை கருநாகத்துக்கும் கீரிக்கும் என்று அறிவித்துவிட்டார். மண்டபமே குதித்தது.

கீரியோடு சண்டை போட மாட்டேன் என்று செல்வம் சொல்லிவிட்டான். ராஜாராம் கோபப்படவில்லை. பட்டம் கம்பெனிக்குச் சொந்தம் என்று நீ போட்ட கையெழுத்திலேயே இருக்கிறது என்றார். தாம்பரத்தில் ஒருவனைப் பிடித்து அதே ரப்பர் பாம்பை அவன் கழுத்தில் போட்டார். தாம்பரத்தான் நன்றாகச் சீறினான். எங்கள் ஊர் ஆட்கள் நாற்பத்தொன்பது கட்டி அதையும் பார்த்தார்கள், ஆள் மாறினதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வேப்பமரத்தடிக்கு ஐந்து பையன்கள் பாக்ஸிங் கற்றுக்கொள்ள வந்தார்கள். கையை எப்படி மடக்குவது என்று செல்வம் காட்ட ஆரம்பித்தால், எங்களுக்கு என்ன பட்டம் என்று கேட்டார்கள். ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள்.

பாம்பு போன் மட்டும் செல்வத்துக்கு நிற்கவில்லை. பன்னிரண்டு ஃப்ளெக்ஸில் ஒன்றைத்தான் காற்று கிழித்தது. மற்றதெல்லாம் மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போயிற்று, எண்ணோடு.

அவனுடைய ஃப்ளெக்ஸ்? அடிக்கவில்லை. ஆவணியில் கல்யாண ஆர்டர், அப்புறம் ஆயுத பூஜை, அப்புறம் ஒரு தலைவருக்குப் பிறந்தநாள். வாரத்துக்கு ஒரு தடவை ஜன்னலில் தலை தெரியும். "அவசரம் இல்லக்கா" என்பான். அவசரம் இல்லை என்று சொல்கிறவனை நாம் என்ன செய்வோம், தள்ளித்தான் வைப்போம். நாலு மாசம் தள்ளினேன்.

கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம். கடையில் நான் மட்டும். மூலையில் சாய்த்து வைத்திருந்த ஃப்ளெக்ஸ் சுருளை இழுத்தேன், சுருளுக்கு உள்ளேயிருந்து ஒரு பாம்பு முக்கால் கை நீளத்துக்கு வெளியே வந்து தலையைத் தூக்கியது. மெஷினுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. வாசலுக்கும் எனக்கும் நடுவில் அது.

கையில் போன் இருந்தது. யோசிக்கவில்லை. தேடக்கூட இல்லை. தீயணைப்பு எண்ணை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். அவன் பாம்புக்குப் பத்தடி தள்ளி நிற்பான் என்று என் காதால் கேட்டவள். ஊரே ரப்பர் பாம்பை நம்புகிறது என்று வயிறு வலிக்கச் சிரித்தவள். என் விரல் நேரே போய் செல்வத்தின் பேரை அழுத்தியது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். மூச்சு வாங்கியது, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருப்பான்.

"அக்கா! ஃப்ளெக்ஸ் ரெடியாயிச்சாக்கா?"

"செல்வம், கடையில பாம்பு பூந்துட்டுதுடா. சீக்கிரம் வா."

அந்தப் பக்கம் மில் ஓடும் சத்தத்துக்கு நடுவே செல்வம் பேசினான். நாலு மாசமாக ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகின குரல், மனப்பாடமாக வந்தது.

"நான் பாம்பு புடிக்கிறவன் இல்லீங்க மேடம். நூத்தி ஒண்ணுக்கு போடுங்க, தீயணைப்புக்காரங்க வருவாங்க. அது வரைக்கும் கிட்ட போவாதீங்க."

வைத்துவிட்டான்.