கறுக்கிற லைற்

அம்மாவுக்கு என் ஓணானைப் பிடிக்காது. அதைவிட அதன் லைற்றைப் பிடிக்காது.

அது அவுஸ்திரேலியப் பாலைவனத்து ஓணான். கழுத்தில் முள்முள்ளாய்த் தாடி இருப்பதால் தாடி என்றே கூப்பிடுகிறேன். ஹவுகன்ஸ்டுவா தொடர்மாடியில், என் அறை மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதற்கு வெயிலில் இருக்கும் யூவிபி கதிர் வேண்டும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் விற்றமின் டி ஊறும். இல்லாவிட்டால் தீனியில் எவ்வளவு கல்சியம் தூவினாலும் எலும்பில் ஏறாது. இந்த வடக்குத் தேசத்தில் குளிர்காலத்தில் வெயிலை மறந்துவிடலாம். கோடையிலும் ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும்.

லைற்றைத் தெரிவு செய்யப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்ட்ரோம்மனில் ஒரு கடைக்காரர் சுருள் பல்பு ஒன்றை நீட்டினார். அது ஒரு மூலைக்குத்தான் காணும், வேண்டாம் என்றேன். பெட்டியின் அரைவாசிக்கு மேல் நீளும் குழல் லைற்றாய்த் தேடி வாங்கினேன், கதிரைக் கீழே திருப்பிவிடும் தகடு பூட்டியது. மேல்மூடியின் வலை எவ்வளவு கதிரைக் குடிக்கும் என்று கணக்குப் பார்த்து, தாடி படுக்கும் கல்லை உயர்த்தினேன். கிட்ட வைத்தால் கண் போகும், எட்ட வைத்தால் எலும்பு போகும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊராரின் இரத்தத்தில் விற்றமின் டி அளக்கிறேன். இதிலா பிழை விடப்போகிறேன்?

காலையில் லைற் எரிந்ததும் தாடி முதுகைக் கறுப்பாக்கும். குளிர்ந்த உடம்பு கெதியாய்ச் சூடேறுவதற்கு அது செய்யும் வேலை. சூடேறியதும் வெளிறிவிடும். பாலர் பள்ளியில் துப்புரவு வேலைக்குப் புறப்பட்ட அம்மா ஒருநாள் அந்தக் கறுப்பைக் கண்டுவிட்டார். கோடையில் பஸ் தரிப்பிடத்துக்கே குடை பிடித்துப் போகிறவர் அவர்.

“பார், லைற் பட்டு அந்தச் சீவனே கறுத்துப் போச்சு. நீ அதுக்குப் பக்கத்திலை குந்தியிருக்கிறாய். ஏற்கெனவே உனக்குக் கொப்பான்ரை நிறம்.”

விளங்கப்படுத்தினேன். மத்தியானம் வந்து அதன் நிறத்தைப் பார்க்கச் சொன்னேன். மத்தியானம் அவர் வேலையில் நிற்பார். அந்த நாட்களில் ஸ்தவாங்கர் நகரிலிருந்து எனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளையின் பெயர் கிறிஸ்ரியன், எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர். அம்மா அவர்களுக்கு அனுப்பிய படத்தில் என்னை எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. அவ்வளவு வெள்ளை.

பனி கரையத் தொடங்கியபோது தாடியின் விரல்கள் நடுங்கின. பிறகு பின்னங்கால் இழுபட்டது. மிருக வைத்தியர் அதன் தாடையை மெல்ல அமர்த்தினார். அது றப்பர்போல் வளைந்தது. எலும்பு கரைகிறது, யூவிபி கிடைக்கவில்லை என்றார். நான் சண்டை பிடித்தேன். குழல், தகடு, தூரம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கேட்டுவிட்டு, லைற்றுக்கும் அதற்கும் இடையில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து லைற்றைத் தூக்கினேன். வலைக்கு மேல் அளவாய் ஒரு கண்ணாடி. பெட்டிக்குக் கதவு முன்பக்கம், மேலே நான் கை வைப்பதே இல்லை. வெளிச்சத்திலும் ஒரு குறையும் தெரிந்ததில்லை. நான் கறுப்பாய் விழுந்திருக்கிறேனென்று அம்மா சுவரில் மாட்டாமல் அலுமாரிக்குப் பின்னால் போட்டிருந்த என் பட்டமளிப்புப் படத்தை இழுத்துப் பார்த்தேன். சட்டத்தில் கண்ணாடி இல்லை.

அம்மா மறைக்கவில்லை.

“கண்ணாடி மறிக்குமெண்டு நீதானே சொன்னனீ. நான் லைற்றை நிப்பாட்டேல்லையே. உன்ரை முகத்துக்காகத்தான் வச்சனான்.”

“என்ரை முகத்துக்காக அதின்ரை எலும்பைக் கரைச்சுப் போட்டியள்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஹோலில் வைத்தேன். எல்லாருடைய முகத்திலும் படட்டும்.

ஸ்தவாங்கர்க்காரர் பெண் பார்க்க வரும் நாளுக்கு மட்டும் லைற்றை நிறுத்திப் பெட்டியை உள்ளே எடுக்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். ஒரு நாள்கூட லைற் இல்லாமல் விடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் எடுக்கவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் புஷ்பராணி என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததுபோல் பெட்டிப் பக்கம் திரும்பினார். புது ஆட்களைக் கண்ட தாடி, கழுத்தை ஊதிக் கரியாக்கிக்கொண்டு நின்றது.

“இதென்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?”

“வெயில் வேணுமெண்டால் கறுக்கும், அன்ரி. கறுக்கவிடாமல் வச்சிருந்தனாங்கள், கால் வளைஞ்சு போச்சு.”

கிறிஸ்ரியன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். அம்மா றோல்ஸ் தட்டை எல்லாருக்கும் இரண்டாம் முறை நீட்டினார். ஸ்தவாங்கரிலிருந்து பிறகு ஒரு சொல்லும் வரவில்லை.

கண்ணாடியைச் சட்டத்தில் பூட்டிப் படத்தை ஹோலில் மாட்டிவிட்டேன். அம்மா அதைக் கழற்றவில்லை. வீடு முழுக்கத் தூசி துடைக்கிறவர், அதை மட்டும் துடைப்பதில்லை. என்னோடு கதைப்பதுமில்லை. வேலைக்குப் போகுமுன் பெட்டிக்கு முதுகு காட்டி இருந்து, நோகிற முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறார்.

தாடியின் தாடை இறுகி வருகிறது. பின்னங்கால் இனி நிமிராதாம். லைற் எரிந்ததும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு கல்லில் ஏறுகிறது. ஏறிக் கறுக்கிறது.