முழு எடை

மேலக்கரிசல் என்ற பெயரின் விலை கிலோவுக்கு நாற்பது ரூபாய். டில்லி மொத்தச் சந்தையில் குண்டு மிளகாய் நூற்றெண்பது. பூசா ரோடு பக்கத்துச் சந்தில், என் கடையில், அந்தப் பெயரோடு இருநூற்றிருபது. கறிவேப்பிலைக்குக்கூடப் பேரம் பேசுகிறவர்கள் இதற்குப் பேசியதில்லை. பஸ்ஸுக்கே நாலு மைல் நடக்க வேண்டிய மானாவாரி ஊர், என் மாமனார் ஊர். கலப்படம் அறியாதது என்ற பேர்தான் அதற்குச் சொத்து.

இந்த வருஷம் மழை கெடுத்து, முப்பது மூட்டைதான் வந்தது. சந்தையில் மூன்று மூட்டை வாங்கி, ஊர்ச் சாக்கில் மாற்றித் தைத்தேன். விரலில் சாயம் ஒட்டியதைப் பார்த்தும்தான். அதில் ஒன்றை, சாம்பார்ப் பொடி அரைத்து வீடுகளுக்கு விற்கும் மந்திர் மார்க் காமாக்ஷி மாமி வாங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை என் மாமனார் அய்யாசாமி ரயிலிலிருந்து நேரே கடைக்கு வந்தார். சாக்கில் இருக்கும் ஊர் நம்பருக்கு ஏதோ மாவு மில்லிலிருந்து யாரோ போன் செய்து, மிளகாய் ஊறிய தண்ணீர் சிவக்கிறதே என்றார்களாம்.

"மூட்டைகளத் தராசுல வைங்க மாப்ள."

எடைதானே என்று தைரியமாக வைத்தேன். இருபத்தைந்து கிலோ மூட்டை நூறு கிராம் குறைந்தது. அடுத்ததும் அப்படியே. காய்ந்து குறைகிறது என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்திருந்தேன்.

"என்ன மாமா, உங்க ஊரே எடையில கை வைக்குதா?" என்றேன்.

"வைக்கணும் மாப்ள. தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கை அள்ளி எங்க கொழம்புல போட்டுருவோம். நாங்க திங்காதது ஊரத் தாண்டாது."

என் மூட்டைகளை நான் கிராம் பிசகாமல் கட்டியிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஒவ்வொன்றாக ஏற்றினார். அடியில் கிடந்த இரண்டை விட்டு என் கண் அகலவில்லை. அவை வந்தன. இருபத்தைந்து, இருபத்தைந்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவற்றைத் தனியே தள்ளிவிட்டு, "இன்னும் எத்தன?" என்றார்.

மூன்றாவதை வாங்கிப் போன மாமிக்குப் போன் போட்டேன்.

"அரைச்சுக் கொடுத்தாச்சேப்பா. கலர் பிரமாதமாம், ஆத்துக்குழந்தைகள்லாம் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடறதாம்."

மாமியிடம் பட்டியல் வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினோம். "எங்க ஊரு பேர்ல வந்த தப்பும்மா" என்று ஒவ்வொரு வாசலிலும் மாமாதான் கும்பிட்டார். திருப்பி வாங்கிய பொட்டலங்களைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நின்றேன். இரண்டு நாளுக்குப் பிறகு அவர் தாளில் எழுதியது இது:

பொடி போன வீடு அறுபத்திரண்டு. திரும்பியது நாற்பத்தொன்று. தின்று முடித்தது பதினாறு. பூட்டிய வீடு ஐந்து, பாக்கி.